மணக்கடவைத் தாண்டியதும் கடல் வந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆழியாறு பாசனம் பற்றிச் சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். "மணக்கடவைத் தாண்டிக் கேரளாவுக்குள் போகும் தண்ணீர் யாருக்கும் பயனில்லாமல் கடலில் கலக்கிறது" என்று நடுவில் ஒரு வரி. எழுதியவர், மாநில எல்லையில் தண்ணீரை அளந்துவிடும் மணக்கடவு வரைக்கும் வந்திருக்கிறார் போல. இன்னும் கொஞ்ச தூரம் வந்திருந்தால், அந்தத் தண்ணீரைத் தடுத்துக் கால்வாய்க்குத் திருப்பும் மூலத்தறை ரெகுலேட்டரையும், அதிலிருந்து பிரியும் வலது கரைக் கால்வாயையும், அதன் கடைமடையில் தண்ணீருக்குக் காத்திருக்கும் என்னையும் பார்த்திருக்கலாம்.

நான் சித்தூர் தாலுகாக்காரன். ஆந்திராவில் இருக்கும் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர். இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் முன்பு ஒருமுறை எங்கள் ஊர் வறட்சிச் செய்தியை நீங்களே ஆந்திரச் செய்திகளோடு சேர்த்துப் போட்டீர்கள். அன்றைக்கு எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. பரவாயில்லை, வேலை அதிகமாக இருக்கும்.

கேரளா என்றாலே மழை கொட்டும் என்று நினைப்பவர்களுக்கு என்ன சொல்வது! கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி எல்லாம் மழை குறைந்த பூமி. மாசி, பங்குனியில் எங்கள் தென்னையில் குரும்பை உதிர்வதைப் பார்த்தால் பொள்ளாச்சிக்காரருக்கும் அழுகை வரும். வீட்டிலும் களத்திலும் நாங்கள் பேசுவது தமிழ். பொண்ணு கொடுப்பதும் எடுப்பதும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம்தான். போன வருஷம் ஒரு கல்யாணப் பந்தியில் சம்பந்தி முறை உள்ள ஒருவர், "எங்க தண்ணியில விளைஞ்ச அரிசியா மாமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். விளையாட்டுக்குத்தான் கேட்டார். அந்த விளையாட்டு உங்கள் மாதிரிப் பத்திரிகைகளைப் படித்து வந்தது.

இரு மாநிலங்களும் போட்ட பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் உங்களுக்குத் தெரியாததல்ல. இங்கே அச்சுத மேனனும் அங்கே கருணாநிதியும் முதல்வர்களாக இருந்தபோது, 1970 மே 29 அன்று கையெழுத்தானது. 1958 நவம்பர் 9 முதல் அமலுக்கு வந்ததாகக் கணக்கு. அதன்படி ஆழியாற்றிலிருந்து வருஷத்துக்கு 7.25 டிஎம்சி மணக்கடவில் அளந்து எங்களுக்கு விட வேண்டும். சோலையாறு வழியாகக் கேரளாவுக்கு இன்னொரு 12.3 டிஎம்சி உண்டு. அது சாலக்குடிப் பக்கம் போய்விடும், எங்கள் வாய்க்காலுக்கு ஒரு சொட்டு வராது. ஆனால் திட்டு வாங்கும்போது மட்டும் இரண்டையும் கூட்டி எங்கள் தலையில் வைக்கிறார்கள்.

இது யாரும் போட்ட பிச்சையும் இல்லை. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் மூன்று அணைகளும் இருப்பது கேரள மண்ணில், பராமரிப்பது தமிழ்நாடு. மேற்கே போக வேண்டிய தண்ணீரை மலைக்குள் சுரங்கம் வெட்டிச் சர்க்கார்பதி மின்நிலையத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து திருமூர்த்தி அணைக்கும் ஆழியாற்றுக்கும் திருப்புகிறார்கள். நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன். உடுமலையில் என் அக்கா வீட்டுத் தோப்பு அதில்தான் பாய்கிறது. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் மதகு ஒன்று பெயர்ந்து, தண்ணீர் நாள்கணக்கில் சாலக்குடி ஆற்றில் ஓடியதே, உண்மையாகவே கடலுக்குப் போனது அதுதான். அதற்கு இவ்வளவு கோபமாக நீங்கள் எழுதியதாக ஞாபகம் இல்லை.

மலையாளப் பத்திரிகைகளும் லேசுப்பட்டவை அல்ல. அங்கே எல்லாத் தப்பும் தமிழ்நாட்டுடையது. 2009 நவம்பரில் வெள்ளத்தில் உடைந்த மூலத்தறையை முழுதாகச் சீர்செய்ய எத்தனை வருஷம் ஆனது என்று எந்தப் பத்திரிகையும் கேட்கவில்லை. கால்வாயில் தண்ணீர் ஏன் வரவில்லை என்று இங்கே ஒரு அலுவலகத்தில் கேட்டால், "தமிழ்நாடு விடவில்லை" என்கிறார்கள். எல்லை தாண்டிப் போய் அங்கே ஒரு அலுவலகத்தில் கேட்டால், "உங்க சர்க்கார் எழுதிக் கேக்கட்டும்" என்கிறார்கள். தமிழில் மனு கொடுத்தால் இந்தப் பக்கம் மலையாளத்தில் கேட்கிறார்கள். அந்தப் பக்கத்துக்கு நான் கேரளாக்காரன், இந்தப் பக்கத்துக்குப் பாண்டிக்காரன்.

முப்பது வருஷத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும். 1988-ல் வந்த கெடு போயிற்று, 2018-ல் வந்ததும் போயிற்று. 2019 செப்டம்பரில் எடப்பாடி பழனிசாமியும் பினராயி விஜயனும் திருவனந்தபுரத்தில் சந்தித்துக் குழு போட்டார்கள். படம் போட்டீர்கள், இருவரும் நன்றாகச் சிரித்தார்கள். புது ஒப்பந்தம் எங்கே? நடுவில் கூட்டு நீர் ஒழுங்கு வாரியம் ஒன்று இருக்கிறது. அது கூடி என்ன முடிவு செய்தது என்று கடைமடைக்காரனுக்கு யாரும் சொல்வதில்லை. வாய்க்காலில் ஈரம் வந்தால் கூடியிருப்பார்கள் என்று நாங்களே ஊகித்துக்கொள்கிறோம்.

சரி, நான் கேட்பது ஒன்றுதான். தினமும் அணை நீர்மட்டம் என்று ஒரு கட்டம் போடுகிறீர்கள். ஆழியாறு, சோலையாறு எல்லாம் அதில் வருகிறது. அதற்குக் கீழே மணக்கடவில் அன்றைக்கு எத்தனை கனஅடி போனது, ஜூலை முதல் தேதியிலிருந்து மொத்தம் எவ்வளவு ஆனது என்று இரண்டு எண் சேர்த்துப் போடுங்கள். இடம் இல்லையென்றால் ராசிபலனில் ஒரு ராசியைக் குறைத்துக்கொள்ளலாம், என்னுடைய மீனத்தையே எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சந்தா தவறாமல் கட்டும் வாசகன்,
கொழிஞ்சாம்பாறை