நாத்தனார் விற்கும் போத்தல்

சுங்கை சிப்புட்

அன்புள்ள செல்வி,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி வந்தது. கர்ப்பப்பையோடு சூலகம் இரண்டையும் எடுத்துவிட்டார்களாமே. எனக்கும் மூன்று வருடத்துக்கு முன் அதே கதைதான். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்று உன் நாத்தனார் விற்கும் சத்துமாத்திரைப் போத்தல்களை வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். அதற்காகவே அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

ஆபரேஷனுக்கு முன் என் கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.1 மில்லிமோல். எட்டு மாதம் கழித்து 6.8. சாப்பாட்டில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் வீட்டில் எல்லாரும் என் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தையே முறைத்தார்கள். கிளினிக் டாக்டரம்மாதான் விளக்கினார். ரத்தத்தில் ஓடும் கெட்ட கொலஸ்ட்ராலை ஈரல் இழுத்துக்கொள்வதற்கு, சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் துணை செய்கிறது. மாதவிலக்கு தானாக நிற்பவர்களுக்கு அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். நமக்கு ஒரே நாளில் போய்விடுகிறது. நம் அம்மாக்களுக்கும் ஏறித்தான் இருக்கும், யார் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்? ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போன காலத்தில் எந்த நோய்க்கும் தோட்டத்து டிரஸ்ஸர் கொடுத்த அதே வெள்ளை மாத்திரைதான்.

கிளினிக்கில் கொலஸ்ட்ராலைக் குறைக்க சிம்வாஸ்டாட்டின் மாத்திரை கொடுத்தார்கள். அது போதாதென்று நான் தெரிந்தவர் ஒருவரிடம் மீன் எண்ணெய், ஈவ்னிங் பிரிம்ரோஸ் என்ற பூச்செடி எண்ணெய், சிவப்பு ஈஸ்ட் அரிசிக் காப்ஸ்யூல் எல்லாம் வாங்கி விழுங்கினேன். மாதம் 280 வெள்ளி! 'இயற்கை' என்று எழுதியிருந்ததே, என்ன செய்யும் என்று நினைத்தேன். இரண்டே மாதத்தில் தொடை வலி. கோயில் படி ஏற முடியவில்லை. டாக்டரம்மாவிடம் போனபோது, "வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்றார். பையிலிருந்து போத்தல்களை எடுத்து வைத்தேன். சிவப்பு அரிசியைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

சித்தியவானில் பூச்சோவ் சீனர்கள் சிவப்பு ஒயின் மீ சுவா நூடுல்ஸ் சமைப்பார்களே, அதற்குப் போடும் அதே வகை அரிசி. அதில் வளரும் பூஞ்சையிலிருந்து மோனகோலின் கே என்ற பொருள் வரும். 1987இல் அமெரிக்காவில் மாத்திரையாக அனுமதி பெற்ற லோவாஸ்டாட்டினும் அதுவும் ஒன்றுதான், சிம்வாஸ்டாட்டினும் அதே இனம்தான். ஆக, நான் ஒரே வகை மருந்தை இரண்டு பெயரில் தின்றிருக்கிறேன். அந்தக் காப்ஸ்யூலில் எவ்வளவு மருந்து இருக்கும் என்பதும் போத்தலுக்குப் போத்தல் மாறும். காப்ஸ்யூலை நிறுத்தினேன், சில வாரத்தில் வலி போனது.

மீன் எண்ணெய் டிரைகிளிசரைடு என்ற இன்னொரு வகை ரத்தக் கொழுப்பைக் குறைக்கும், கெட்ட கொலஸ்ட்ராலை அல்ல. பிரிம்ரோஸால் கொலஸ்ட்ராலுக்குப் பயன் என்று சொல்ல ஒன்றுமில்லை. சோயா குறைப்பது சொற்பம். ஓட்ஸும் இசப்கோல் உமியும் உண்மையிலேயே கொஞ்சம் வேலை செய்கின்றன. காலைப் பசியாறலுக்கு இப்போது ஓட்ஸ் கஞ்சிதான், சின்ன வெங்காயம் தாளித்து. நன்றாகவே இருக்கிறது.

ஹார்மோன் மாத்திரை எடுத்தால் இறங்காதா என்றும் கேட்டேன். எண் இறங்கலாமாம். ஆனால் 2002இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வில் அதனால் இதயத்துக்குப் பாதுகாப்பு கிடைக்கவில்லை, கொலஸ்ட்ராலுக்காக அதைத் தரமாட்டோம் என்றார். உடம்புச் சூட்டுக்கும் எலும்புக்கும் வேண்டுமானால் நீ தனியாகக் கேள்.

போத்தலில் சுகாதார அமைச்சின் பதிவு எண் இருக்கிறதே என்று நாத்தனார் காட்டுவார். பதிவானதனால் மட்டும் அது கொலஸ்ட்ராலை இறக்கும் என்று ஆகிவிடாது. நீ முதலில் ரத்தம் கொடுத்துப் பார், வீட்டிலிருக்கும் எல்லா போத்தலையும் பையில் போட்டு டாக்டரிடம் கொண்டு போ.

அப்புறம், இதையெல்லாம் நான் சொன்னதாக நாத்தனாரிடம் சொல்லிவிடாதே. தைப்பூசத்துக்கு அங்கே வருகிறேன், அவர் கையால்தான் சாப்பிட வேண்டும்.

உன்,
மல்லிகா