வெள்ளம் வடிந்த பிறகு: பிரதேச சபை உறுப்பினரான என் பழைய மாணவருக்கு

அன்புள்ள தம்பிக்கு,

டித்வா புயல் வெள்ளத்துக்கான நிவாரணம் பற்றிப் பேசுவதற்காக எமது ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் கூடிய கூட்டத்தில் நீர் ஆற்றிய உரையைப் பின்வரிசையில் இருந்து முழுமையாகக் கேட்டேன். ஒன்பதாம் வகுப்பில் வரலாற்றுப் பாடத்தின்போது எழுந்து நின்று கேள்வி கேட்ட அதே குரல். “இந்த அழிவுக்கு முழுப் பொறுப்பும் கொழும்பு அரசாங்கமே” என்று நீர் முடித்தபோது மண்டபம் முழுவதும் கைதட்டியது, நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கைதட்டல் என்னை உறங்க விடவில்லை. உம்மைப் போல 2025 மே மாதத் தேர்தலில் முதன்முறையாகச் சபைக்குப் போன மற்ற இளையவர்களும் வாசிக்கட்டும் என்பதற்காகவே இதைப் பகிரங்கமாக எழுதுகிறேன்.

அரசாங்கத்தைக் குற்றம் சொல்லாதீர் என்று நான் சொல்ல வரவில்லை. வன்னியில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. 2008 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் அமைப்பினரையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறும்படி அரசாங்கம் பணித்தது. இரண்டு மாதம் கழித்து, நவம்பர் கடைசியில், நிஷா புயலின் மழை கொட்டியது. அப்போது உமக்கு ஐந்து வயது. உமது குடும்பமும் எமது குடும்பமும் தர்மபுரத்துக்கு அப்பால் ஒரு தென்னங்காணியில் தறப்பாள் கட்டி இருந்தோம். எறிகணைக்குப் பயந்து வெட்டிய பதுங்குகுழிகள் ஒரே இரவில் விளிம்புவரை நிரம்பின. உமது அம்மா உம்மை இடுப்பில் வைத்துக்கொண்டு, இருந்த ஒரேயொரு கதிரையின் மேல் அரிசிப் பையை ஏற்றிவிட்டு, முழங்கால் தண்ணீரில் விடியும்வரை நின்றார். அந்த மழைக்கு யாரும் பொறுப்பல்ல. ஆனால் அந்த மழையில் அத்தனை சனம் கைகொடுக்க ஆளில்லாமல் கிடந்ததற்குப் பொறுப்பானவர்கள் இருந்தார்கள். அதில் எம்மை அன்று ஆண்ட விடுதலைப் புலிகளுக்கும் பங்குண்டு என்பதை நான் மறைக்க மாட்டேன்.

அதற்கு முன்னர் 2004 டிசம்பர் 26. அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் முல்லைத்தீவுக் கரையில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். புனித இராயப்பர் ஆலயம் இடிந்து போனது. கடல் வடக்கு, கிழக்கு, தெற்கு என்று பார்க்காமல் ஒரே காலையில் ஏறி வந்தது. ஆனால் உதவிப் பணத்தை யார் கையால் கொடுப்பது என்ற கேள்விக்கு ஆறு மாதம் சென்றது. அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் அதற்காகச் செய்துகொண்ட, பொதுக்கட்டமைப்பு என்று நாங்கள் சொன்ன அந்த உடன்படிக்கை 2005 ஜூன் 24ஆம் திகதிதான் கைச்சாத்தானது. அதை எதிர்த்து மக்கள் விடுதலை முன்னணி அதற்குச் சில நாள்களுக்கு முன்பே அரசாங்கத்திலிருந்து விலகியது. அதன் நாடாளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றம் சென்றனர். ஜூலை 15ஆம் திகதி, பிராந்தியக் குழுவின் அலுவலகம் கிளிநொச்சியில் அமைவதற்கும் பிராந்திய நிதியத்துக்கும் இடைக்காலத் தடை விழுந்தது. வடக்குக் கிழக்கின் ஆறு மாவட்டங்களுக்கென வகுத்த ஏற்பாடு அத்தோடு படுத்துவிட்டது. அன்று நீதிமன்றம் சென்ற கட்சியே இன்றைய ஆளும் கூட்டணியின் தலைமைக் கட்சி. இதைப் பழைய கோபத்தைக் கிளறுவதற்காகச் சொல்லவில்லை. அனர்த்தத்தின்போது அதிகாரம் யாருக்கு என்று முன்கூட்டியே தீர்க்கப்படாமல் இருந்தால், அதைத் தீர்க்கும் காலம் முழுவதையும் கூடாரத்தில் இருப்பவர்களே தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

2018 டிசம்பர் வெள்ளத்தை நீர் உமது உரையில் ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போனீர். அங்கே கொஞ்சம் நின்றிருக்கலாம். கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்த்தப்பட்டு, அந்த மாதத் தொடக்கத்தில்தான் ஜனாதிபதியால் விழா எடுத்துத் திறக்கப்பட்டது. 21ஆம் திகதி இரவு கனகராயன் ஆற்றுப் படுகையில் பேய்மழை. வான்கதவுகள் திறக்கப்பட, கண்டாவளை, முரசுமோட்டை, பன்னங்கண்டிப் பக்கமெல்லாம் தண்ணீரில் மூழ்கியது. கதவுகளை நேரத்தோடு திறக்கவில்லை என்று ஒரு சாரார் குற்றஞ்சாட்டினர்; மழை அளவுக்கு மிஞ்சியது, கதவு திறந்திருந்தாலும் வெள்ளம் வந்தே தீரும் என்று மறுசாரார் சொன்னார்கள். ஆளுநர் விசாரணைக்குழு அமைத்தார். இன்றுவரை எங்கள் கமக்காரர் அமைப்புகளில் அந்தப் பேச்சு எழுந்தால் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டைதான் வருகிறது.

அந்த வெள்ளம் வந்த காலத்தை எண்ணிப் பாரும். வடக்கு மாகாண சபையின் ஆயுள் அவ்வாண்டு ஒக்டோபர் 24ஆம் திகதி முடிந்துவிட்டது. இரண்டு நாள் கழித்துக் கொழும்பில் பிரதமரை நீக்கிய கூத்து தொடங்கி, டிசம்பர் நடுவில்தான் ஓய்ந்தது. அமைச்சரவை மீண்டும் அமைந்து ஓரிரு நாளில் எமக்கு வெள்ளம் வந்தது. மேலே யார் அமைச்சர் என்பது அப்போதுதான் முடிவாகியிருந்தது. மாகாணத்தில் யாருமே இல்லை. 2005 மே மாதத்தில் நிறைவேறிய அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின்படி, ஜனாதிபதி தலைமையிலான தேசிய பேரவையில் எதிர்க்கட்சித் தலைவருக்கும் இடமுண்டு, ஒவ்வொரு மாகாணத்தின் முதலமைச்சருக்கும் இடமுண்டு. எம் மாகாணத்துக்கான அந்த ஆசனம் 2018 ஒக்டோபர் முதல் வெறுமையாகவே கிடக்கிறது. தேர்தலைத் தள்ளிப் போட்டவர்கள் ஒருவர் இருவர் அல்லர். அடுத்தடுத்து வந்த எல்லா ஆட்சிகளும் தள்ளிப் போட்டன. “முழுப் பொறுப்பும் கொழும்பே” என்று சொல்வதைவிட, இந்த வெறும் ஆசனத்தை மேடையில் சுட்டிக்காட்டியிருந்தால் அது எவராலும் மறுக்க முடியாத குற்றச்சாட்டாக இருந்திருக்கும்.

இனி எங்கள் ஊர்க் குளத்துக்கு வருகிறேன். முன்னொரு மாரியில் அதன் கட்டு உடைந்த இரவை நீர் அறிவீர். அதற்கு முந்திய மூன்று வாரத்தை அறியமாட்டீர், ஏனென்றால் அப்போது நீர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தீர். கட்டின் வெளிப்பக்கத்தில், ஆளுயரத்துக்குக் கீழே, ஒரு கைப்பிடி அகலத்துக்கு மண் நனைந்திருந்ததை முதலில் கண்டவர் மாடு மேய்க்கும் ஒரு முதியவர். விரலை வைத்தால் குளிர்ந்தது. இரண்டு நாளில் அந்த இடத்திலிருந்து கலங்கல் தண்ணீர் நூலாக ஓடியது. தெளிந்த தண்ணீர் கசிந்தால் பயமில்லை, கலங்கலாக வந்தால் கட்டின் வயிறு கரைகிறது என்று அர்த்தம் என்பது குளத்தோடு வாழும் எவருக்கும் தெரியும். நானும் கமக்காரர் அமைப்பின் செயலாளரும் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். இந்தக் குளம் எங்கள் பதிவில் இல்லை, மற்ற அலுவலகத்துக்குப் போங்கள் என்றார்கள். மற்ற அலுவலகத்தில் முறைப்பாட்டை எழுதி வாங்கினார்கள். ஆனால் கட்டில் கைவைக்க மூன்றாவது இடத்தின் அனுமதி வேண்டும் என்றார்கள். மூன்றாவது இடத்தில் அதிகாரி கூட்டத்துக்குப் போயிருந்தார். யாரும் எம்மை ஏசவில்லை. எல்லோரும் கதிரை தந்து மரியாதையாகவே பேசினார்கள். ஒருவர்கூடக் கட்டை வந்து பார்க்கவில்லை. கடைசியில் பசளைப் பைகளில் மண் நிரப்பி நாங்களே அடுக்கினோம். பதினெட்டாம் நாள் இரவு அது போதாமற் போனது. கதிர் வருமுன் குடலை தள்ளி நின்ற காலபோக நெல் முழுவதும் மணலுக்குள் புதைந்தது.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அந்த உடைப்புக்குப் பிறகு ஊரில் பழி சுமந்தவர் யார் தெரியுமா? எமது கிராம அலுவலர். தண்ணீருக்குள் தோளில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனவரும் அவர்தான். உலர் உணவுப் பொதிப் பட்டியலில் பெயர் விடுபட்டதற்காக வீதியில் மறித்து வசைபாடப்பட்டவரும் அவர்தான். குளத்தைப் பற்றி அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. அதிகாரம் இருந்தவர்களின் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவர்களைக் கேட்டிருப்போம். நாம் திட்டுவது பெரும்பாலும் கைக்கு எட்டியவரை, இல்லாவிட்டால் கண்ணுக்கே தெரியாத தூரத்தில் இருப்பவரை. இடையில் இருக்கும், உண்மையில் ஒரு கையெழுத்தால் அந்தக் கட்டைக் காப்பாற்றியிருக்கக் கூடிய மனிதர் இரண்டு முறையும் தப்பிவிடுகிறார்.

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வாவிலும் இதுவே நடந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மலையகத்தில் மண்சரிவு வீடு வீடாக விழுங்கியது. எச்சரிக்கை கிடைத்தும் அசட்டையாக இருந்தார்கள் என்று எதிர்க்கட்சிகள் சொல்ல, அரசாங்கம் மறுக்க, நாடாளுமன்றத்தில் சூடு பறந்தது. அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டிய கேள்விதான். விடையும் எழுத்தில் வரவேண்டும். ஆனால் எமது கரையில், சுண்டிக்குளம் கடல்நீரேரியின் முகத்துவாரத்தை அகலப்படுத்தி வெள்ளத்தைக் கடலுக்கு விடப்போன கடற்படையினர் ஐவர் அந்த வேலையிலேயே உயிரிழந்தனர். எமக்கும் படையினருக்கும் இடையில் உள்ளவை எல்லாம் உமக்குத் தெரியும். இருந்தும் அவர்கள் எமது வயல் தண்ணீரை வடியவிடப் போய் மாண்டார்கள். உமது உரையில் அவர்களுக்கு ஒரு வரி இருந்திருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன்.

தம்பி, வன்னியில் ‘அரசாங்கம்’ என்ற சொல் எப்போதும் தூரத்தில் இருக்கும் ஒன்றையே குறித்து வந்திருக்கிறது. அதற்குக் காரணங்கள் உண்டு. ஆனால் 2025 மே மாதம் முதல் நீரும் அரசாங்கம்தான். உள்ளூர் வீதியும், அதன் குறுக்கே உள்ள மதகும், வெள்ளவாய்க்காலும் உமது சபையின் பொறுப்பு. சந்தைக்குப் பின்னால் உள்ள மதகில் அடைத்திருந்த குப்பையை யார் எடுத்திருக்க வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டிருந்தால், நீர் கொழும்பைக் கைகாட்டியிருக்க முடியாது.

நான் கேட்பது பெரிய காரியமல்ல, எமக்குப் பழக்கமான காரியமே. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் அரசாங்க அதிபர் தலைமையில் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கிறது. எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தத் திகதியில் குளத்தின் துருசைத் திறந்து தண்ணீர் விடுவது, வாய்க்காலை யார் எதுவரை துப்புரவாக்குவது, மாடுகளை எப்போது வயலிலிருந்து அகற்றுவது என்று எல்லாம் அதிகாரிகளும் கமக்காரரும் ஒரே மண்டபத்தில் இருந்து வாதாடித் தீர்மானித்து, எழுத்தில் பதிந்து, சட்டபூர்வமாகக் கட்டுப்படுகிறார்கள். தண்ணீர் குறைவாக இருக்கும்போது அதைப் பங்கிட எமக்கு இத்தனை ஒழுங்கு இருக்கிறது. தண்ணீர் கூடும்போது என்ன செய்வது என்பதற்கும் அதே மண்டபத்தில், அதே நாளில், ஏன் ஒரு மணி நேரம் ஒதுக்கக் கூடாது? குளத்தில் எத்தனை அடி வந்தால் வான்கதவு திறக்கப்படும், அந்த முடிவை எடுப்பவர் யார், அவர் இல்லாதபோது யார், கீழே இருக்கும் ஊர்களுக்கு யார் எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்வது, பெயரில்லாத சிறுகுளங்கள் எந்த அலுவலகத்தின் பொறுப்பு. இவற்றைப் பெயரோடும் தொலைபேசி இலக்கத்தோடும் எழுதி, சபையின் அறிவித்தல் பலகையிலும் கோயில் மதிலிலும் ஒட்டிவிட்டால், அடுத்த வெள்ளத்துக்குப் பிறகு நீர் மேடையேறும்போது உமது கையில் ஆதாரம் இருக்கும். கொழும்பு பிழைவிட்டிருந்தால் கொழும்பு என்றும், மாவட்டம் பிழைவிட்டிருந்தால் மாவட்டம் என்றும், உமது சபை பிழைவிட்டிருந்தால் அதையும் சொல்லலாம். அப்போது நான் தயங்காமல் கைதட்டுவேன்.

சிறுபோகக் கூட்டத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அதற்கு முன் ஒரு சிறு வேலை. எங்கள் குளக்கட்டின் வடக்கு முனையில், பழைய உடைப்பிலிருந்து பத்து அடி தள்ளி, பாலை மரத்துக்கு நேர் கீழே, மண் மறுபடியும் நனைந்திருக்கிறது. தண்ணீர் இன்னும் தெளிவாகத்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் அங்கே நிற்பேன். ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்துக்கொண்டு வாரும்.

அன்புடன்,
உமது பழைய வரலாற்று ஆசிரியர்