எத்தனால் சோதனை மட்டும் இருந்தால் ஒப்புதல் தராதீர்கள்

மூலிகை ஆய்வேடுகளின் நெறியாளர்களுக்கும் விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழுக்களுக்கும்,

வணக்கம். அல்சருக்கு மூலிகை என்று உங்கள் மேசைக்கு வரும் திட்டங்களில் பல ஒரே அச்சில் வார்த்தவை. வெள்ளெலியை 24 மணி நேரம் பட்டினி போடுவார்கள். இலைச்சாரத்தைக் குழாய்வழி இரைப்பைக்குள் செலுத்தி, ஒரு மணி நேரம் கழித்து 1 மி.லி. எத்தனால் என்ற ஆல்கஹாலைக் கொடுப்பார்கள். இன்னொரு மணி நேரத்தில் இரைப்பையை வெட்டி விரித்துச் சிவப்புக் கீறல்களை அளப்பார்கள். மருந்து முதலில், காயம் பிறகு. நோயாளி வருவதோ புண் வந்தபின்.

டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைந்த சாரம் இதில் எளிதாகத் தேறிவிடும். அது சளிப்படலப் புரதத்தோடு சேர்ந்து இறுகிப் பூச்சாக நிற்பதால் எத்தனால் உள்ளே இறங்குவது குறையும். கடுக்காய்த் தோலுக்கும் இது பொருந்தும். புதிய மூலக்கூறு எதுவும் தேவையில்லை. சாரத்தைக் கரைக்கும் கரைப்பானும் ஏமாற்றும்: டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் தானாகவே எத்தனால் காயத்தைக் குறைக்கும். ஆகவே கரைப்பான் மட்டும் பெறும் குழு இல்லையென்றால் திட்டத்தைத் திருப்பி அனுப்புங்கள். கூண்டுக்குக் கம்பிவலைத் தரை உண்டா என்றும் பாருங்கள். இல்லையேல் எலி தன் புழுக்கையையே தின்னும், பட்டினி வெறும் காகிதத்தில்தான்.

அளவையும் கணக்கிடுங்கள். எலிக்குக் கிலோவுக்கு 400 மி.கி. என்பதை, எலி அளவை மனித அளவாக மாற்றும் எண்ணான 6.2ஆல் வகுத்தால் மனிதருக்குக் கிலோவுக்கு ஏறக்குறைய 65 மி.கி. வரும். 60 கிலோ ஆளுக்கு 3.9 கிராம் சாரம். பத்து விழுக்காடு சாரம் தரும் இலையானால் தினம் 39 கிராம் காய்ந்த இலை. யார் விழுங்குவது?

இதற்குப் பதிலாக அசிட்டிக் அமிலத்தால் புண் உண்டாக்கி, மறுநாளிலிருந்து மருந்து தரச் சொல்லுங்கள். புண்ணை அளப்பவருக்கு எந்த எலி எந்தக் குழு என்று தெரியக்கூடாது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவும் வலிமாத்திரைகளுமே மனிதப் புண்ணின் பெருங்காரணங்கள். எத்தனால் சோதனையில் இரண்டுமே இல்லை.

சாரம் அழற்சியையும் சேர்த்துத் தணிக்கும் என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. வீக்கம் உண்டாக்கும் காராஜீனன் என்ற பொருளை ஏற்றிய எலிப் பாதத்தின் வீக்கத்தை இண்டோமெத்தசின் என்ற வலிமருந்தும் குறைக்கும். அதே மருந்துதான் இரைப்பையைக் காக்கும் புரோஸ்டகிளாண்டின் என்ற உடற்பொருளைத் தடுத்துப் புண்ணையும் உண்டாக்கும். வீக்கம் குறைக்கும் சாரத்தைப் பட்டினி எலிக்குத் தனியாகக் கொடுத்து இரைப்பையைப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

அதிமதுரத்திலிருந்து வந்த கார்பெனாக்சலோன் என்ற மருந்து 1960களில் பிரிட்டனில் புண்ணை ஆற்றவே செய்தது. ஆனால் சிறுநீரகத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுத்ததால் உப்பும் நீரும் தங்கின, ரத்த அழுத்தம் ஏறியது, பொட்டாசியம் இறங்கியது. அதிமதுரம் சேர்ந்த எந்தத் திட்டத்திலும் ரத்த அழுத்தம், பொட்டாசியம் ஆகிய இரு அளவீடுகளும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மருந்தியல் ஆய்வகங்களில் பணிபுரியும் சிலர்