நண்டுக்கு மருந்து வேண்டாம், சோதனை வேண்டும்

மீன்வளத் துறை அதிகாரிகளுக்கும் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

தாமிரபரணி கடலில் சேரும் புன்னக்காயல் பக்கம் சேற்று நண்டைக் கொழுக்க வைத்து விற்பவர்களில் நானும் ஒருவன். நண்டு சாகிறது என்று கடையில் போய் நின்றால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "மருந்து போட்டா சரியாயிரும் அண்ணாச்சி." பாட்டிலில் என்ன மருந்து என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். குளோராம்பெனிகால், நைட்ரோஃபுரான் என்ற ஆன்டிபயாடிக்குகள் மீன், நண்டு வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. தடையில்லாத ஆன்டிபயாடிக்கும் வைரஸை ஒன்றும் செய்யாது.

கோழிக்குத் தடுப்பூசி போடுகிறோம். அதன் உடம்பு எதிர்ப்பொருளை உண்டாக்கி, அடுத்த முறை அதே கிருமியை அடையாளம் கண்டுகொள்கிறது. நண்டுக்கு எதிர்ப்பொருளே கிடையாது. செம்பு கலந்த அதன் ரத்தத்தில் இருக்கும் அணுக்கள் கிருமியை விழுங்கும், சூழ்ந்து அடைக்கும். காயம் பட்ட இடத்தில் மெலனின் என்ற கறுப்பு நிறமி படிந்து கறுக்கும். காலில் கறுப்பைப் பார்த்ததும் வியாபாரி கழித்துப்போடும் நண்டுகளில் சில, சண்டையில் பட்ட புண்ணை ஆற்றிக்கொண்டிருப்பவைதான்! (நண்டின் மேலோட்டை அரிக்கும் பாக்டீரியாவும் கறுப்பாகத்தான் காட்டும். கண்ணால் பிரித்தறிவது எளிதல்ல.)

இத்தனைக்கும் முதல் காவல் ஓடு. எங்கள் தொழிலோ, ஓடு மாற்றிச் சதை பிடிக்காமல் தளர்ந்து கிடக்கும் நண்டை மலிவாக வாங்குவதில் தொடங்குகிறது. காவல் இல்லாத நேரம் பார்த்து, பல உப்பங்கழிகளில் பிடித்ததை ஒரே கூடையில் கலந்து, ஒரே குளத்தில் விடுகிறோம். தீனியாகப் போடும் இறால் தலையிலும் நோய் வரலாம்.

வெண்புள்ளி வைரஸைச் சேற்று நண்டு வெளியே தெரியாமல் சுமக்கும். அதே வைரஸ் இறால் குளத்துக்குள் நுழைந்தால் மூன்றிலிருந்து பத்து நாளில் குளமே காலியாகலாம். இறால் குஞ்சை, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்யாமல் குளத்தில் விட யாரும் துணிவதில்லை. நண்டை மட்டும் கேட்பாரில்லை.

ஆகவே, நண்டுக்கும் அந்தச் சோதனையைத் தூத்துக்குடியிலேயே எங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் செய்து கொடுங்கள். காலின் அடியில் ஊசியால் சிறிது ரத்தம் எடுத்தால் போதும், நண்டு சாகாது. புது நண்டைத் தனித் தொட்டியில் எத்தனை நாள் வைப்பது, செத்ததை எங்கே புதைப்பது என்று குளக்கரைக்கே வந்து காட்டுங்கள். செத்த நண்டைக் கழியில் வீசும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது; அதைக் கண்டித்தும் சொல்லுங்கள்.

ஐப்பசிக்கு முன் இது நடக்க வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த அளவு வேண்டாம், சாதாரண மழைக்கே கழியின் உப்பு இறங்கிவிடும். உப்பு சட்டென்று இறங்கினால் நண்டின் எதிர்ப்பு தளரும், உள்ளே அடங்கிக் கிடந்த நோய் கிளம்பும்.

சோதனைக் கட்டணத்தில் ஒரு பங்கைக் கொழுக்க வைப்பவர்களே கட்டலாம் என்பது என் எண்ணம். எவ்வளவு ஆகும் என்று முதலில் சொல்லுங்கள். கூடிப் பேசிவிட்டு வருகிறோம்.