வெளிச்சம் குறைந்த படங்களைப் பற்றி நண்பருக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும், புதிய மிரர்லெஸ் கேமராவில் எடுத்த படங்களும் வந்து சேர்ந்தன. இங்கே அனைவரும் நலம். கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு வண்ணங்கள் எனக்கு நன்றாகத் தெளிந்து தெரிவதால், உங்கள் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்ப்பது பெரும் மகிழ்ச்சியாக இருந்தது.

உங்கள் பேத்தி மேசை விளக்கின் அருகே அமர்ந்து பென்சிலால் வரைந்துகொண்டிருக்கும் படத்தைப் பற்றித்தான் விரிவாக எழுத விரும்புகிறேன். பதிவான ஒளியைப் பெருக்கும் அளவான ஐ.எஸ்.ஓ.வை 12800இல் வைத்ததால் படம் முழுவதும் இரைச்சலாக, அதாவது புள்ளிபுள்ளியாக, ஆகிவிட்டது என்றும், அதை மழுப்பும் கேமராவின் இரைச்சல் குறைப்பை உச்சத்தில் வைத்தும் மனம் நிறையவில்லை என்றும் வருந்தியிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய, கேமரா மெருகேற்றிச் சுருக்கித் தந்த ஜேபெக் கோப்பையும், பதிவானதை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பையும் திரையில் அருகருகே வைத்து, குழந்தையின் புருவத்தை நூறு சதவீத அளவில் பார்த்தேன். ஜேபெக்கில் அது தூரிகையால் ஒரே இழுப்பில் தீட்டிய பழுப்புக் கோடு போல இருக்கிறது. காகிதத்தின் மேல் பென்சில் உரசிய சொரசொரப்பும் காணாமல் போயிருக்கிறது. ரா கோப்பில் புள்ளிகள் நிறைய உண்டு. ஆனால் புருவத்தின் முடிகள் தனித்தனியே தெரிகின்றன. அந்தப் படத்தைக் கெடுத்தது இரைச்சலைக் காட்டிலும் இரைச்சல் குறைப்புதான் என்பேன்.

ஐ.எஸ்.ஓ. எண்தான் இரைச்சலை உண்டாக்குகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் குறைபாடு வெளிச்சத்தில் இருக்கிறது. ஒளி ஃபோட்டான்கள் என்னும் துகள்களாக, தற்செயலான இடைவெளிகளில் கேமராவின் ஒளியுணரியான சென்சாரில் வந்து விழுகிறது. ஒரு பிக்சலில் சராசரியாக 10,000 ஃபோட்டான்கள் பதிவாகுமானால், அந்த எண்ணிக்கை சுமார் 100 கூடியோ குறைந்தோ அமையும். அது நூற்றில் ஒரு பங்குதான் என்பதால் கண்ணுக்குப் புலப்படாது. 100 ஃபோட்டான்களே பதிவானால் ஏற்ற இறக்கம் 10 ஆகிறது, அதாவது பத்தில் ஒரு பங்கு. படத்தின் நிழற்பகுதிகளில் புள்ளிகள் மொய்ப்பது இதனால்தான். இது ஒளியின் இயல்பு. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேமராவும் இதிலிருந்து தப்ப முடியாது. சென்சாரைப் படிக்கும்போது மின்சுற்று சேர்க்கும் இரைச்சல் வேறு. இன்றைய சென்சார்களில் அது மிகவும் குறைந்துவிட்டது. ஐ.எஸ்.ஓ. செய்வதெல்லாம் பதிவானதைப் பெருக்கிக் காட்டுவதுதான். அதற்கு அஞ்சி எண்ணைக் குறைத்து, இருட்டாக எடுத்துப் பின்னர் கணினியில் வெளிச்சத்தை ஏற்றினால், இரைச்சல் குறைவதில்லை. பல கேமராக்களில் கூடவும் செய்யும்.

உங்கள் படத்தின் விவரங்களைப் பார்த்தேன். ஒளி உள்ளே வரும் நேரமான ஷட்டர் வேகம் 1/250 வினாடி. வரைந்துகொண்டிருக்கும் குழந்தையின் கை நிற்கும் கணத்துக்காகக் காத்திருந்தால் 1/60 வினாடியே போதும். அப்போது நான்கு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும், ஐ.எஸ்.ஓ. 3200 போதுமானதாகிவிடும். கை நடுக்கத்தை உங்கள் கேமராவின் உள்ளேயே இருக்கும் நிலைப்படுத்தி பார்த்துக்கொள்ளும். மென்பொருளில் மணிக்கணக்கில் உழைத்தாலும் கிடைக்காத பலன் இது. விளக்கைக் குழந்தையின் பக்கம் ஒரு சாண் நகர்த்துவதும் இதே காரியத்தைச் செய்யும்.

சட்டையின் மேல் நீலமும் சிவப்புமாகத் திட்டுகள் தெரிவதாகக் கேட்டிருந்தீர்கள். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற வண்ண வடிகட்டி அமைப்புதான் இன்றும் பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது. அதில் பாதிப் பிக்சல்கள் பச்சையையும், கால் பங்கு சிவப்பையும், கால் பங்கு நீலத்தையும் மட்டுமே உணரும். மற்ற இரு வண்ணங்களையும் ஒவ்வொரு பிக்சலும் அண்டைப் பிக்சல்களைக் கொண்டு கணித்துக்கொள்கிறது. ஆகையால் ஒரு பிக்சலின் பிழை அக்கம்பக்கத்துக்கும் பரவி, வண்ணத் திட்டாகிறது. மஞ்சள் ஒளி தரும் மேசை விளக்கில் நீலம் மிகக் குறைவு. வெள்ளையை வெள்ளையாகவே காட்டும் வெண்சமநிலைக்காகக் கேமரா நீலத்தைப் பெருக்கும்போது அதிலுள்ள இரைச்சலும் சேர்ந்து பெருகுகிறது. இந்த வண்ண இரைச்சலைத் தயங்காமல் குறையுங்கள், ஏனெனில் அதைக் குறைப்பதால் நுணுக்கங்கள் பெரிதாகக் கெடுவதில்லை. வெளிச்ச இரைச்சலை, அதாவது வண்ணம் மாறாமல் வெளிச்சம் மட்டும் கூடிக்குறையும் புள்ளிகளை, மிகக் கொஞ்சமாகத் தொடுங்கள். முடி, துணியின் இழை, தோலின் துளைகள் எல்லாம் அதனுடன் கலந்தே இருக்கின்றன. கேமராவில் நீங்கள் வைத்த இரைச்சல் குறைப்பு அளவு ஜேபெக்கைத்தான் மாற்றும், ரா கோப்பை மாற்றாது என்பதால் இன்னும் எதுவும் கைமீறிப் போய்விடவில்லை.

படங்களைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் 2023இல் வந்த செயற்கை நுண்ணறிவு இரைச்சல் நீக்கத்தையும் அதே ரா கோப்பில் முயன்று பார்த்தேன். முகமும் தலைமுடியும் வியக்கத்தக்க வகையில் தெளிந்தன. ஆனால் பின்னால் அலமாரியில் இருக்கும் புத்தகத்தின் முதுகில், மங்கலாக இருந்த எழுத்துகள் எந்த மொழிக்கும் உரியதல்லாத கூரிய கோடுகளாக மாறிவிட்டன. அங்கே பதிவாகாததை அது ஊகித்து எழுதிவிடுகிறது. குடும்பப் படங்களில் அந்த ஊகம் முகத்தின் மேல் விழுவதை நான் விரும்பவில்லை. எனவே அதன் அளவைச் சரிபாதிக்கும் கீழே வைத்துக்கொள்வது நல்லது.

இருட்டில், கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரில் புள்ளிகள் கொதிப்பது போலத் தெரிவதைக் கண்டு கலங்க வேண்டாம். கேமரா அந்தக் காட்சியை நொடிக்குப் பல முறை, குறுகிய நேரத்தில் பதிந்து பெருக்கிக் காட்டுகிறது. எடுக்கும் படம் அப்படி இராது. எலக்ட்ரானிக் ஷட்டரை மட்டும் சற்றுக் கவனியுங்கள். சில கேமராக்களில் அதைப் பயன்படுத்தும்போது வெளிச்சப் படிகளைப் பதியும் நுணுக்கம் 14 பிட்டிலிருந்து 12 பிட்டாகக் குறைந்து, நிழற்பகுதிகளின் தரம் இறங்கிவிடும்.

அடுத்த மாதம் விண்மீன்களைப் படமெடுக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். நீண்ட நேரப் பதிவுக்கான இரைச்சல் குறைப்பு, படம் எடுத்த அதே அளவு நேரத்துக்கு ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு பதிவு எடுத்து, அதைக் கழித்துவிடுகிறது. சென்சார் சூடேறுவதால் ஒரே இடத்தில் ஒளிரும் பிக்சல்கள் அதில் மறையும். தொடர்ந்து பல படங்கள் எடுக்கும்போது அது பாதி இரவைத் தின்றுவிடுமாதலால் அணைத்து வையுங்கள். அதற்குப் பதிலாக 16 படங்கள் எடுத்து, விண்மீன்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுத்தால், தற்செயல் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகக் குறையும். வேலை முடிந்ததும் லென்ஸை மூடி, அதே அமைப்புகளில் சில படங்கள் எடுத்து வாருங்கள். சூடான பிக்சல்களைக் கழிக்க அவை போதும். ரா கோப்புகளை எனக்கும் அனுப்புங்கள், நானும் அடுக்கிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்