ஒண்டரைக்கு வீட்ட போறவை எண்டு எழுதிப்போட்டியள்

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கட பேப்பரின்ர கல்விப் பக்கத்தில, ஒண்டரைக்கு வீட்ட போற ஆசிரியர்மார் பள்ளிக்கூடத்தில ஒழுங்காப் படிப்பிச்சால் பிள்ளையளுக்கு ரியூசன் என்னத்துக்கு எண்டு ஒரு வரி வந்தது. ரெண்டு மூண்டு தரம் வாசிச்சன் ஐயா. உண்மையில மனம் நொந்து போச்சு.

நான் 22 வருஷமாக் கணிதம் படிப்பிக்கிறன். முதல் நாலு வருஷம் நெடுந்தீவில. விடியப்புறம் பஸ் ஏறி குறிகட்டுவானுக்குப் போய் அங்கயிருந்து ஒரு மணித்தியாலம் கடல், காத்துக் காலத்தில தண்ணி அடிச்சு நனைஞ்ச சாறியோடதான் முதல் பாடத்துக்குப் போய் நிண்டிருக்கிறன். அந்தக் கஷ்டத்தை நான் பெரிசாச் சொல்ல வரேல்ல. அங்க படிப்பிக்க நேரம் இருந்தது. இப்ப வீட்டுக்குக் கிட்டப் பள்ளிக்கூடம், நேரம்தான் இல்லை.

போன கிழமை நடந்ததைச் சொல்லுறன். ஆறாம் வகுப்பில ஒரு பெடியன், மூண்டில ஒண்டு பெரிசோ நாலில ஒண்டு பெரிசோ எண்டு கேட்டால் நாலுதான் பெரிசு, அப்ப நாலில ஒண்டுதான் எண்டு நிக்கிறான். கொப்பித் தாள் ரெண்டு கிழிச்சு, ஒண்டை மூண்டா மற்றதை நாலா மடிக்கப் பண்ணினன். மடிச்சுப்போட்டு ரெண்டையும் பக்கத்தில வச்சுப் பாக்கிறான், முகம் மாறுது, வாய் திறக்கப் போறான், அந்த நேரம் பாத்து ஒஃபிசால ஆள் வந்து, ரீச்சர் வலயக் கல்விப் பணிமனைக்கு விபரம் பத்து மணிக்கு முதல் அனுப்ப வேணுமாம் அதிபர் உடன வரட்டாம் எண்டு. திரும்பி வரேக்க மணி அடிச்சிட்டுது. அடுத்த நாள் அவனுக்குத் திரும்பவும் நாலில ஒண்டுதான் பெரிசு.

40 நிமிஷப் பாடவேளையில இடாப்பு மாக் பண்ணி முடிய மிஞ்சிறது எவ்வளவு எண்டு உங்களுக்குத் தெரியாததில்லை. அதுக்குள்ள படிவம், ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில போடு, விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளையளை அனுப்பு, புவியியல் ரீச்சர் இடமாற்றத்தில போய் ஆள் வரேல்ல அந்தப் பாடத்தையும் பார் எண்டு எல்லாம் எங்கட தலையில. பிள்ளையளும் விடியக் காலமையே ஒரு ரியூசன் முடிச்சுத்தான் வருகினம், மூண்டாம் பாடத்தில மேசையில தலை வச்சிடுவினம், எழுப்பவும் மனம் வராது. அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசிலில 200க்கு எத்தினை எண்டதை மட்டும் வச்சு ஊரே பிள்ளையை அளந்தால் ரியூசன் வளராமல் என்ன செய்யும்? வெட்டுப்புள்ளிக்கு மேல எடுத்த பிள்ளையளின்ர ஃபோட்டோவை வரிசையாப் போடுறதும் உங்கட பேப்பர்தானே ஐயா.

சம்பளத்தைப் பற்றி நான் கதைக்கிறேல்ல, ஆனா நீங்கள் கதைக்க வச்சிட்டியள். 1997இல இருந்து இழுபட்ட சம்பள முரண்பாட்டுக்காக 2021 ஜூலையில ஒன்லைன் வகுப்பை நிப்பாட்டினம், பிள்ளையளின்ர வாழ்க்கையில விளையாடுறம் எண்டு பேச்சு வாங்கினம், கடைசியா 2022இல கேட்டதில மூண்டில ஒரு பங்குதான் தந்தவை. அதே வருஷம் பேப்பர் தட்டுப்பாடு, தவணைப் பரீட்சைக்கு என்ர காசில போட்டோக்கொப்பி அடிச்சன், ஒரு பக்கத்தில ரெண்டு பக்கத்தைச் சுருக்கி. எழுத்துத் தெரியேல்ல ரீச்சர் எண்டு பின் வாங்கில இருந்த பிள்ளை அழுதது. பெற்றோலுக்கு லைனில நிண்டிட்டுப் பள்ளிக்கூடம் போன நாளுகளும் இருக்கு. அப்ப ஒருத்தரும் எங்களைப் பற்றி ஒரு வரி எழுதேல்ல.

நான் கேக்கிறது ஒண்டே ஒண்டுதான். வலயத்துக்கு வேண்டிய விபரங்களைப் பாடம் நடக்கிற நேரம் கேக்காமல், ஒண்டரைக்குப் பிறகு கேக்கச் சொல்லி உங்கட பேப்பரில எழுதுங்கோ. நாங்கள் இருந்து நிரப்பித் தாறம். இந்தக் கடிதத்தையும் வெட்டாமல் அதே கல்விப் பக்கத்தில போட்டால் நன்றி.

இப்படிக்கு,
கணித ஆசிரியை ஒருவர்,
வலிகாமம்.