வீதியில் இருந்தவர்களுக்கு மருந்து அறுபடாமல் காத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என அறிவித்து, அடுத்தடுத்து ஊர்கள் அடைபட்டபோது, வீடின்றி வீதியில் வாழும் மனநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்துவரும் எங்கள் குழுவின் பணியும் முடங்கிவிடுமோ என்று அஞ்சினோம். அது முடங்காமல் காத்தவர்கள் நீங்கள். உணவளித்தவர்களை ஊரே பாராட்டியது. அவர்கள் அதற்கு உரியவர்களே. ஆனால் மருந்து அறுபடாமல் பார்த்துக்கொண்டவர்களைப் பற்றி எவரும் அதிகம் பேசவில்லை என்பதால், இம்மடலை உங்களுக்கென்றே எழுதுகிறோம்.

மருத்துவமனைகள் புறநோயாளிகளின் வருகையைக் குறைத்து, ஆலோசனைகளைத் தொலைபேசிக்கு மாற்றின. கைபேசி இல்லாதவருக்கும், இருந்தும் மின்னேற்ற இடமில்லாதவருக்கும் அதனால் பயனில்லை. மனச்சிதைவு நோய்க்கான மருந்து நின்றுபோனால் அடங்கியிருந்த, நோயாளிக்கு மட்டுமே கேட்கும் குரல்கள் மீண்டும் எழலாம். அவை எழுந்த பிறகு, மாத்திரை நீட்டுபவரையே பகைவராகக் காணும் நிலை வரக்கூடும். எனவேதான், இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போட வேண்டிய, தினசரி மாத்திரைக்கு மாற்றான நெடுநாள் ஊசியை மேம்பாலத்தடிக்கும் பேருந்து நிலையத்துக்கும் எடுத்துச் சென்று, தேதி தவறாமல் போட்ட செவிலியர்களுக்கு எங்கள் முதல் நன்றி. முழுக் கவச உடையில் வந்தவர்களைக் கண்டு, தன்னைப் பிடித்துப்போக வந்துவிட்டார்கள் என்று ஒரு பெண்மணி அலறியபோது, செவிலியர் ஒருவர் தள்ளி நின்று, முகக்கவசத்தை நொடிப்பொழுது இறக்கித் தம் முகத்தைக் காட்டி, "நான்தானம்மா, போன மாதமும் நான்தானே வந்தேன்" என்று சொல்லிவிட்டு மீண்டும் அணிந்துகொண்டார். அந்த அம்மா கையை நீட்ட நெடுநேரமாயிற்று. செவிலியர் அதுவரை காத்து நின்றார். மறுமுறை முதல் குழுவினர் அனைவரும் தங்கள் புகைப்படத்தைப் பெரிதாக அச்சிட்டு மார்பில் மாட்டிக்கொண்டார்கள்.

மருந்தாளுநர்களுக்கும் இரத்தப் பரிசோதனைக் கூடத்தாருக்கும் நாங்கள் பட்ட கடன் பெரிது. மற்ற மருந்துகளுக்கு அடங்காத மனச்சிதைவுக்குத் தரப்படும் குளோசபைன் மருந்தை உட்கொள்பவர்களுக்கு இரத்த வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும் என்பதால், தொடக்க மாதங்களில் வாரந்தோறும் இரத்தம் பார்க்க வேண்டும். நீண்ட காலமாக நிலையாக இருப்பவர்களுக்கு அந்த இடைவெளியை 3 மாதம் வரை நீட்டலாம் என்று 2020இல் மருத்துவ வல்லுநர்கள் பரிந்துரைத்தார்கள். புதிதாகத் தொடங்கியவர்களுக்கு அச்சலுகை இல்லை. அவர்களுடைய மாதிரிகளை நாங்கள் எந்நேரம் கொண்டுவந்தாலும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டீர்கள். கடைகள் மூடிப் புகைபிடிப்பது திடீரென நின்றால் குளோசபைனின் அளவு இரத்தத்தில் ஏறிவிடும் என்று ஒரு மருந்தாளுநர் உரிய நேரத்தில் எச்சரித்திராவிட்டால், பலருடைய மயக்கத்தையும் தள்ளாட்டத்தையும் நாங்கள் வெறும் களைப்பென்றே எண்ணியிருப்போம். மனநிலை ஏற்றத்தாழ்வுகளைக் கட்டுப்படுத்தும் லித்தியம் மருந்தை எடுப்பவர்களுக்கு உடலில் நீர் வற்றினாலே மருந்து நஞ்சாகக்கூடும் என்று தன்னார்வலர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவரே. மது கிடைக்காமல் வலிப்பும் பிதற்றலும் கண்டவர்களை, இரவுப் பணியில் இருந்தபோதும் திருப்பி அனுப்பாத மருத்துவர்களையும் நன்றியுடன் நினைக்கிறோம்.

பள்ளிக் கட்டடத்தைத் தற்காலிக முகாமாகத் திறந்துவிட்டவர்களுக்கும் அங்கே பணிபுரிந்தவர்களுக்கும் நன்றி. கூரை கொடுத்தால் எவரும் ஓடிவருவார்கள் என்று எண்ணுபவர்கள் அம்முகாமின் வாசலில் ஒரு நாள் நின்று பார்த்திருக்க வேண்டும். தம் மூட்டையைக் கிருமித் தொற்றுக்கு அஞ்சி எரித்துவிடுவார்கள் என்ற பயத்தில் முதியவர் ஒருவர் உள்ளே வர மறுத்துவிட்டார். முகாம் பொறுப்பாளர் வாதாடவில்லை. முதியவரின் கண்ணெதிரிலேயே மூட்டையைப் பெரிய பையில் இட்டுக் கட்டி, பெயரெழுதி, அவருடைய கட்டிலுக்கு அடியிலேயே வைத்தார். அவர் அன்றிரவே உள்ளே வந்தார், மறுநாள் மாத்திரையும் வாங்கிக்கொண்டார். மனநல மருத்துவத்தில் பட்டம் பெற்ற எங்களுக்குத் தோன்றாத வழி அது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

முன்பு வீதியில் வாழ்ந்து, நலம்பெற்று, இப்போது எங்களோடு பணிபுரிகிறவர்களுக்குத் தனியாக நன்றி கூற வேண்டும். யார் எந்தத் திண்ணையில் படுப்பார், யாரை எந்நேரத்தில் எழுப்பக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருந்தது. பதிவேடுகள் எவற்றிலும் இல்லாதவர்களை நீங்களே கண்டுபிடித்துக் கொடுத்தீர்கள். தடுப்பூசி வந்தபோது, அடையாள அட்டை இல்லை என்பதைக் காரணம் காட்டாமல் அவர்களுக்கும் வரிசையில் இடம் தந்த அலுவலர்களையும் மறக்கவில்லை.

முகாம் மூடப்பட்ட பின் சிலர் எங்கள் கண்ணிலிருந்து மறைந்துவிட்டார்கள். அவர்களில் எவரையேனும் காண நேர்ந்தால், தயவுசெய்து எங்கள் செவிலியரிடம் உடனே தெரிவியுங்கள். அவர்களுடைய மருந்துக் குறிப்பேடுகளை இன்னும் எங்களிடமே வைத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
வீதியோர மனநலப் பணிக்குழுவினர்